தொட்டால் மறையும் மூலக்கூறுக்குக் கோணம் அளப்பது எப்படி?

2023 ஜூனில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரியன் நெபுலாவில், சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில், டி203-506 என்று பெயரிடப்பட்ட இளம் விண்மீன் அமைப்பின் தூசுத் தட்டில் மெத்தில் நேர்மின் அயனி இருக்கிறது என்பதே அது. ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன், மொத்தத்தில் ஓர் எலக்ட்ரான் குறை. விண்வெளியில் கார்பன் சேர்மங்கள் உருவாகும் பாதையில் இந்த அயனி நிற்க வேண்டும் என்று 1970-களிலிருந்தே வேதியியலாளர்கள் சொல்லி வந்தார்கள்.

இதைப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது நியாயம். பூமியில் ஒரு குடுவையில்கூடச் சேர்த்து வைக்க முடியாத பொருள் இது. ஒரியனில் இருப்பது அதுதான் என்றும், அதில் மூன்று ஹைட்ரஜன்கள் ஒரே தளத்தில் சமமாக அமைந்திருக்கின்றன என்றும் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

எதையும் பார்த்துச் சொல்லவில்லை என்பதுதான் நேரடிப் பதில். கையில் கிடைப்பவை சில நிறமாலைக் கோடுகள் மட்டுமே. அவற்றிலிருந்து வடிவத்துக்குப் போகும் வழி ஏறக்குறைய நீதிமன்ற வழக்கு மாதிரி. சான்று ஒன்றுதான், அதன்மேல் வாதம் கட்டப்படுகிறது. சில வழக்குகளில் முதல் தீர்ப்பு தவறாகப் போய், அதே சான்றை மறுபடி படித்துத் திருத்தவும் பட்டிருக்கிறது. அந்த வாதம் எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதே இந்தக் கட்டுரை.

வினைத்திறன் மிகுதி என்றால் ஆயுள் குறைவு என்று பொருளா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'மைக்ரோநொடியில் அழிந்துவிடும் மூலக்கூறு' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். பெரும்பாலான வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகள் தாமாக அழிவதில்லை. எதிரே வருவதோடெல்லாம் வினைபுரிந்து வேறொன்றாகிவிடுகின்றன, அவ்வளவே. மெத்திலீன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். கார்பனுக்கு நான்கு பிணைப்புகள் வேண்டும், இங்கே இரண்டுதான். மீதி இரண்டு எலக்ட்ரான்களும் ஆள் தேடிக்கொண்டே இருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. அத்தனை மோதல்களுக்கு நடுவே மெத்திலீன் தப்ப வழியில்லை. ஆனால் மோத ஆளே இல்லாத இடத்தில் விட்டுவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

வடிவம் அறிய வழக்கமாகக் கைகொடுக்கும் எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வு இங்கே உதவாது என்பதற்கும் இதுவே காரணம். படிகம் என்றால் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கி நிற்க வேண்டும். ஒட்டி நின்றாலே வினைபுரிந்துவிடுவதை எப்படி அடுக்குவது? தூரத்திலிருந்தபடி, தொடாமல் விசாரிக்கும் கருவி வேண்டும். அது ஒளி.

கோடு சொல்வது இடைவெளியை மட்டும்

மூலக்கூறு எந்த ஆற்றலையும் விருப்பப்படி வைத்திருக்க முடியாது. ஏணிப்படிகள் போலக் குறிப்பிட்ட அளவுகள்தான் அனுமதி. ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவும்போது அந்த இடைவெளிக்குச் சரியான ஒளியை மட்டும் உறிஞ்சும் அல்லது உமிழும். அதுதான் நிறமாலைக் கோடு. ஏணிகள் மூன்று:

1. எலக்ட்ரான் ஏணி. படிகள் மிக உயரம். கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா ஒளி.
2. அதிர்வு ஏணி. பிணைப்புகள் நீள்வதும் சுருங்குவதும் வளைவதும். அகச்சிவப்பு ஒளி.
3. சுழற்சி ஏணி. மூலக்கூறு முழுதாகச் சுழல்வது. படிகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் நுண்ணலை.

வடிவத்தைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசுவது மூன்றாவது ஏணி. காரணம் எளிது. சுழற்சிப் படிகளின் இடைவெளி, நிலைமத் திருப்புத்திறனைப் பொறுத்தது. எடை அச்சிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதன் அளவு அது. கைகளை விரித்துச் சுழலும் நடனக்காரர் மெதுவாகச் சுழல்வதும், கைகளை ஒடுக்கினால் விரைவதும் இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். வினைத்திறன் குறைந்த, எளிமையான கார்பன் மோனாக்சைடையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் சுழற்சிக் கோடு 115,271 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஈரணு மூலக்கூறில் முதல் கோட்டின் பாதிதான் சுழற்சி மாறிலி: 57,636. 505,379 என்ற நிலையான எண்ணை இதால் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன் 8.768 (அணு நிறை அலகு, ஆங்ஸ்ட்ராம் அலகுகளில்). கார்பன் 12, ஆக்சிஜன் 16 இரண்டின் ஒடுக்கிய நிறை 6.856. முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.131 ஆங்ஸ்ட்ராம். பிணைப்பின் நீளம் கிடைத்துவிட்டது! ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. வானொலிப் பெட்டிக்குரிய வகை அளவீடு ஒன்றிலிருந்து அதையும் மூன்று தசம இடம் வரை சொல்ல முடிகிறது.

இரண்டு அணுக்கள் என்பதால் இவ்வளவு சுலபம். அணுக்கள் கூடினால் தெரியாத நீளங்களும் கோணங்களும் கூடுகின்றன. ஆனால் எந்த மூலக்கூறுக்கும் சுழற்சி மாறிலிகள் அதிகபட்சம் மூன்றுதான். மூன்று சமன்பாடுகளை வைத்து ஏழெட்டு மாறிகளுக்கு விடை காண முடியாது என்பது பள்ளிக் கணக்கு. சிக்கல் இங்கே தொடங்குகிறது. இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை மட்டும் வேறான அணு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிடித்து நிறுத்தும் வழிகள்

விசாரிக்கும் வரை மூலக்கூறு இருக்க வேண்டுமே. முதல் வழி, மூலக்கூறு மறைவதற்குள் முந்திக்கொள்வது. கேம்பிரிட்ஜில் ரொனால்ட் நாரிஷும் ஜார்ஜ் போர்ட்டரும் 1940-களின் இறுதியில் இதை உருவாக்கினார்கள். பலமான ஒளிவீச்சு ஒன்று தாய்ச் சேர்மத்தைச் சிதறடிக்கும். சில மைக்ரோநொடி கழித்து இரண்டாவது ஒளிவீச்சு அப்போது அங்கே இருப்பதன் நிறமாலையைப் பதிவு செய்யும். 1967 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

இரண்டாவது வழி, சிறை வைப்பது. பெர்க்லியில் ஜார்ஜ் பைமென்டெல் குழு 1954-இல் முன்வைத்தது. ஆர்கான், செனான் போன்ற மந்த வாயுக்களை உறைய வைத்து, அந்தப் பனிக்குள் ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே புதைத்துவிடுவார்கள். அக்கம்பக்கம் எல்லாம் எதோடும் வினைபுரியாத அணுக்கள். நாள்கணக்கில்கூட அப்படியே கிடக்கும். மூன்றாவது, வாயுவை ஊசித்துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவது. அது குளிர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாகப் பறக்கும்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டே வரும்: குடுவைக்குள் பிறப்பது ஒரே மூலக்கூறு இல்லை, ஒரு கூட்டம். பார்க்கும் கோடு அந்தக் கூட்டத்தில் யாருடையது?

வால்மீனில் ஓர் ஊதாப் பட்டை

அடையாளத்தில் எவ்வளவு பெரியவரும் ஏமாறலாம் என்பதற்கு கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க்கே எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் பிறந்தவர், அவருடைய மனைவி யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பணியில் நீடிக்க முடியாமல் 1935-இல் கனடா சென்றவர். மூலக்கூறு நிறமாலையியலில் அவருக்கு இணையாக அந்த நூற்றாண்டில் இன்னொருவரைச் சொல்வது கடினம்.

வால்மீன்களின் ஒளியில் 405 நானோமீட்டரை ஒட்டி ஒரு பட்டை, அதாவது நெருங்கி நிற்கும் கோடுகளின் தொகுப்பு, நெடுங்காலமாகத் தெரிந்துவந்தது. யாருடையது என்று தெரியவில்லை. 1942-இல் ஹெர்ஸ்பெர்க், மீத்தேன் வாயுவில் மின்னிறக்கம் செய்து அதே பட்டையை ஆய்வகத்தில் வரவழைத்தார். மீத்தேனிலிருந்து வருகிறது, எனவே மெத்திலீனாக இருக்க வேண்டும் என்று கருதினார். நியாயமான ஊகம்தான்.

1949-இல் மோன்ஃபில்ஸ், ரோசன் இருவரும் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தார்கள். பட்டை அசையவே இல்லை. ஹைட்ரஜன் உள்ள மூலக்கூறு என்றால் அதன் எடை இரட்டித்தபின் கோடு நகர்ந்தே ஆக வேண்டும். நகரவில்லை என்றால் அதில் ஹைட்ரஜனே இல்லை! 1951-இல் அலெக்ஸ் டக்ளஸ் கார்பன் 13 ஐசோடோப்பைக் கொண்டு, பட்டையின் சொந்தக்காரர் மூன்று கார்பன் அணுக்கள் மட்டும் சேர்ந்த மூலக்கூறு என்று காட்டினார். கார்பன் 12, கார்பன் 13 இரண்டும் கலந்த நிலையில் ஒரு பட்டை ஆறாகப் பிளந்தது. மூன்று இடங்களில் இரண்டு வகைக் கார்பனை நிரப்ப எத்தனை விதம் என்று எண்ணிப் பாருங்கள். வலமிருந்து இடம் திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே விதமாகக் கொண்டால் சரியாக ஆறு வரும். ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் என்பதை இவ்வளவு அழகாக எண்ணிக் காட்டிய சோதனை அபூர்வம்.

மெத்திலீன்: நேர்கோடா, வளைவா?

உண்மையான மெத்திலீன் 1959-இல்தான் பிடிபட்டது. ஹெர்ஸ்பெர்க்கும் ஷூஸ்மித்தும் டயசோமீத்தேன் என்ற மஞ்சள் வாயுவை எடுத்துக்கொண்டார்கள். நச்சு, வெடிக்கும் குணமும் உண்டு. ஒளிவீச்சு பட்டதும் அது நைட்ரஜனை உதறிவிட்டு மெத்திலீனாகிறது. 141.5 நானோமீட்டரை ஒட்டி, தொலைப் புற ஊதாவில், ஒரு பட்டை தெரிந்தது. டியூட்டீரியச் சோதனையில் இந்தப் பட்டை ஒழுங்காக நகர்ந்தது. அடையாளத்தில் இந்த முறை ஐயம் இல்லை.

அடுத்தது கோணம். கார்பனின் இருபுறமும் ஹைட்ரஜன்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா? இங்கே சுழற்சியைப் பற்றி இன்னும் ஒரு படி தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குச்சியை இரண்டு விதமாகச் சுழற்றலாம். நுனி மாறி நுனி வரும்படி, சிலம்பம் போல. அல்லது இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, தயிர் கடையும் மத்து போல. நேரான மூலக்கூறில் அணுக்கள் எல்லாம் அச்சிலேயே இருப்பதால் மத்துச் சுழற்சி இல்லை. சிலம்பச் சுழற்சி மட்டும்தான். வளைந்த மூலக்கூறில் இரண்டும் உண்டு. ஆகவே வளைந்ததன் நிறமாலையில் மத்துச் சுழற்சியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு துணைப்பட்டை என்று பல துணைப்பட்டைகள் தெரிய வேண்டும். நேரானதில் ஒன்றே ஒன்று.

ஹெர்ஸ்பெர்க்கின் வாதம் இப்படிப் போகிறது:

1. நிறமாலையைப் பதித்த ஒளிப்படத் தகட்டில் ஒரே ஒரு துணைப்பட்டைதான் தெரிகிறது.
2. மூலக்கூறு நேரானது என்றால் இதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.
3. வளைந்தது என்றால், மற்ற துணைப்பட்டைகள் எங்கே போயின என்று சொல்ல வேண்டும்.
4. அதற்கு ஒரு வழி உண்டு. மத்துச் சுழற்சியோடு மேல்நிலைக்குப் போகும் மூலக்கூறு அங்கே நிற்காமல் உடனே உடைந்துவிட்டால், அந்தக் கோடுகள் கண்ணுக்குப் படாத அளவு பரவி மங்கிவிடும். முன்சிதைவு என்று இதற்குப் பெயர்.
5. ஆனால் மத்துச் சுழற்சி இல்லாதவை மட்டும் பிழைத்து, மற்றவை எல்லாம் உடைகின்றன என்பது கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கம். ஆகவே நேரானது, அல்லது ஏறக்குறைய நேரானது.

கவனியுங்கள், நான்காவது படியை அவர் மறைக்கவில்லை. 1961-இல் எழுதிய விரிவான கட்டுரையிலேயே அந்தச் சாத்தியத்தைச் சொல்லி, நிகழ வாய்ப்புக் குறைவு என்று தள்ளிவைத்தார். எளிய விளக்கத்தைத் தேர்வதுதான் அறிவியலில் நல்ல பழக்கம் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கே அந்த நல்ல பழக்கமே தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டது.

அதே மெத்திலீனுக்கு இன்னொரு நிலையும் உண்டு என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே திசையில் தற்சுழன்றால் மும்மை நிலை. எதிரெதிராகச் சுழன்றால் ஒற்றை நிலை. மேலே சொன்ன சர்ச்சை, ஆற்றல் குறைந்த மும்மை நிலையைப் பற்றியது. ஒற்றை நிலையின் நிறமாலை சிவப்பு ஒளிப் பகுதியில் தெரிந்தது. அதில் துணைப்பட்டைகள் தாராளமாக இருந்தன. சுமார் 102 டிகிரி என்று ஹெர்ஸ்பெர்க் அளந்தது இன்றும் நிற்கிறது.

அதே தகடு, வேறு வாசிப்பு

1960-இலேயே ஃபாஸ்டர், பாய்ஸ் இருவரும் குவாண்டம் கணக்கீட்டின் மூலம் மும்மை மெத்திலீனின் கோணம் 129 டிகிரி என்று வெளியிட்டிருந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் கணினிக் கணக்கு சோதனையோடு ஒத்துப்போனால் பாராட்டுவார்கள். முரண்பட்டால் கணக்கில்தான் கோளாறு என்பார்கள். அதுவும் எதிரே நிற்பவர் ஹெர்ஸ்பெர்க்.

1970-இல் நிலைமை மாறியது. சார்லஸ் பெண்டரும் ஹென்றி ஷேஃபரும் மேலும் கடுமையான கணக்கீடு செய்து 135.1 டிகிரி என்றார்கள். ஹெர்ஸ்பெர்க் சொன்னது தவறு என்பதே அந்தச் சிறு கட்டுரையின் உட்பொருள். அதே ஆண்டில் சோதனைப் பக்கமிருந்தும் சான்று வந்தது. பெர்ன்ஹைம் குழுவும் வாசர்மன் குழுவும் மெத்திலீனைக் குளிர்ந்த செனான் பனியில் சிறை வைத்து, காந்தப்புலத்தில் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வை அளந்தார்கள்.

இந்த அளவீட்டில் இரண்டு எண்கள் கிடைக்கும். இரண்டாவது எண், மூலக்கூறின் அச்சைச் சுற்றி எல்லாத் திசையும் சமமா என்பதைச் சொல்கிறது. குச்சி போல நேரான மூலக்கூறில் சமம். ஆகவே அந்த எண் சுழியாக இருக்க வேண்டும். சுழியாக இல்லை. அதிலிருந்து மதிப்பிட்ட கோணம் 136 டிகிரியை ஒட்டி வந்தது.

இங்கேயும் ஒரு மறுப்புச் சொல்லலாம்: செனான் பனி அழுத்தி மூலக்கூறை வளைத்திருக்கக் கூடாதா? அதற்குப் பதில் வாயு நிலையிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பதிலைத் தந்தவர் ஹெர்ஸ்பெர்க்கே. ஜான்ஸ் என்பவரோடு சேர்ந்து, 141.5 நானோமீட்டர்ப் பட்டையைத் தாம் முன்பு தள்ளிவைத்த நான்காம் படியின் வழியாக மறுபடி படித்தார். முன்சிதைவு உண்மையிலேயே நடக்கிறது என்று கொண்டால் கோடுகள் எல்லாம் பொருந்தின. கோணம் 136 டிகிரி. 1971-இல் வெளியான அந்தக் கட்டுரைக்கும் அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்த வேதியியல் நோபல் பரிசுக்கும் சில மாத இடைவெளிதான். மூலக்கூறுகளின், குறிப்பாகத் தனி உறுப்புகளின் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ளவை), எலக்ட்ரான் அமைப்பு, வடிவம் பற்றிய பணிக்கே அந்தப் பரிசு. பின்னர் வந்த துல்லியமான அளவீடுகள் கோணத்தை 134 டிகிரி அருகே நிறுத்தின.

கணக்கீடு வென்றது, சோதனை தோற்றது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தகட்டில் இருந்த எந்தக் கோடும் பொய் சொல்லவில்லை. வராத கோடுகளுக்குச் சொன்ன காரணம்தான் தவறாகப் போனது.

இந்தக் கோணத்தால் யாருக்கு என்ன? 102, 134 என்ற இரண்டு எண்களும் இரண்டு வேறுபட்ட வேதியியல். ஒற்றை மெத்திலீன் ஓர் இரட்டைப் பிணைப்போடு சேரும்போது ஒரே வீச்சில் சேர்கிறது. இருபுறமும் இருந்த தொகுதிகள் இடம் மாறுவதில்லை. மும்மை மெத்திலீன் இரண்டு தவணையில் சேர்கிறது. நடுவே தொகுதிகள் திரும்பிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. 1976-இல் கொலராடோவின் லைன்பெர்கர் குழு, மோலுக்கு 19.5 கிலோகலோரி என்று அளந்தது. கோட்பாட்டாளர்கள் அதில் பாதியளவுதான் என்றார்கள். சோதனையில் பயன்பட்ட எதிர்மின் அயனிகள் சூடாக இருந்து, கூடுதல் கோடுகளைத் தந்து குழப்பியிருந்தன என்பது பின்னர் தெரிந்தது. 1984-இல் அதே குழு திருத்திச் சொன்ன மதிப்பு சுமார் 9.

பென்சைன்: ஒட்டுண்ணிக் கோடு

சுழற்சிக்குப் பதில் அதிர்வை நம்பும்போது வேறு வகைச் சறுக்கல் வரும். பென்சீன் வளையத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டால் பென்சைன். அந்த இடத்தில் இருப்பது முழுமையான மும்மைப் பிணைப்பா (இரண்டு கார்பன்களுக்கு நடுவே மூன்று பிணைப்புகள்; முன்பு சொன்ன மும்மை நிலை வேறு) என்பது கேள்வி. மும்மைப் பிணைப்பு விறைப்பானது. அது அதிரும் அலைஎண், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, 2,100-க்கு மேல் இருப்பது வழக்கம்.

1973-இல் சாப்மன் குழு பென்சைனை உறைபனியில் பிடித்தது. அங்கே 2,085-இல் ஒரு கோடு தெரிந்தது. ஏறக்குறைய அசல் மும்மைப் பிணைப்பு என்று பல காலம் நம்பப்பட்டது. 1986-இல் லைன்பெர்கர் குழு (முன்பு மெத்திலீனில் தடுமாறிய அதே குழு) வாயு நிலையில் வேறொரு முறையில் அளந்தபோது 1,860-ஐ ஒட்டித்தான் வந்தது. 1992-இல் உறைபனியிலேயே ஐசோடோப்புகளைக் கொண்டு தேடி 1,846-இல் உண்மையான, மிக மெலிந்த கோட்டைக் கண்டுபிடித்தார்கள். 2,085 அதே பனிக்குள் கூடவே உருவான வேறொரு மூலக்கூறுக்குரியது. வளையம் நெரிப்பதால் பென்சைனின் மும்மைப் பிணைப்பு தளர்ந்துதான் இருக்கிறது. நீளமும், அசல் மும்மைப் பிணைப்புள்ள அசிட்டிலீனின் 1.20 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல், 1.24 அருகே.

கிரீகே இடைநிலை: எடை போட்டால் போதாது

ஓசோன், இரட்டைப் பிணைப்புள்ள கரிமச் சேர்மங்களைத் தாக்கும்போது நடுவே ஒரு மூலக்கூறு தோன்றி மறைய வேண்டும் என்று ருடால்ஃப் கிரீகே 1949-இல் முன்மொழிந்தார். மரங்கள் வெளிவிடும் வாயுக்களுக்கும் வாகனப் புகைக்கும் இது பொருந்தும் என்பதால் காற்று மாசு ஆய்வில் அதற்கு முக்கிய இடம். ஆனால் அதன் எளிய வடிவத்தின் வினைகளை வாயு நிலையில் நேரடியாக அளக்க 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எளிய கிரீகே மூலக்கூறில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், நிறை 46. எறும்பின் கடியில் உள்ள ஃபார்மிக் அமிலத்திலும் அதே அணுக்கள்தான், அதே நிறைதான். டயாக்சிரேன் என்ற முக்கோண மூலக்கூறும் அப்படியே. தராசு மூன்றையும் ஒன்றாகத்தான் காட்டும். எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றலில்தான் வேறுபாடு: ஃபார்மிக் அமிலத்துக்கு 11.3 எலக்ட்ரான் வோல்ட், டயாக்சிரேனுக்கு 10.8, கிரீகேவுக்கு 10 அளவில். பெர்க்லியின் எலக்ட்ரான் முடுக்கி தரும் ஒளியின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனபோது 10-இல் சமிக்ஞை எழுந்தது.

ஆனாலும் இது 'மற்ற இரண்டும் இல்லை' என்று சொல்லும் சான்று மட்டுமே. வடிவத்தை 2013-இல் மற்ற இருவகை நிறமாலைகள் முடித்துவைத்தன. தைவானில் யுவான் பெர்ன் லீயின் குழு அகச்சிவப்பில் 908 அலைஎண்ணில் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வைக் கண்டது. டோக்கியோவின் நகாஜிமா, எண்டோ இருவரும் ஹார்வர்டில் மெக்கார்த்தியின் குழுவும் நுண்ணலையில் சுழற்சிக் கோடுகளைப் பிடித்தார்கள்.

முன்பு ஒத்திவைத்த ஐசோடோப்பு வழிக்கு இங்கே வருவோம். ஓர் அணுவை அதன் கனமான ஐசோடோப்பால் மாற்றினால் எலக்ட்ரான்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பிணைப்பின் நீளமும் கோணமும் நடைமுறையில் மாறுவதில்லை. எடை மட்டும் கூடுகிறது. அந்த அணு எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரமோ, அதற்கேற்ப நிலைமத் திருப்புத்திறன் மாறும். ஆக, மாற்றத்தை அளந்தால் அந்த ஓர் அணுவின் இடம் தெரிந்துவிடும். கிரெய்ச்மன் 1953-இல் இதற்கான சமன்பாடுகளைத் தந்தார். கார்பனை ஒரு முறை, ஒவ்வோர் ஆக்சிஜனையும் ஒரு முறை, ஹைட்ரஜன்களை ஒரு முறை என்று மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வோர் அணுவாக வரைபடத்தில் புள்ளி வைக்கலாம்.

வந்த விடை:

1. மூலக்கூறு முழுக்கத் தட்டை. தட்டையான எதிலும் இரண்டு சிறிய நிலைமத் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை பெரியதற்குச் சமமாக வேண்டும். இங்கே வித்தியாசம் ஏறத்தாழ சுழி.
2. கார்பன்–ஆக்சிஜன் நீளம் சுமார் 1.27 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப் பிணைப்பு 1.43, இரட்டை 1.21. ஆக, இரட்டையை நெருங்கிய நடுநிலை.
3. ஆக்சிஜன்–ஆக்சிஜன் சுமார் 1.34. ஹைட்ரஜன் பெராக்சைடில் உள்ள ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டை.

இந்த நீளங்கள் ஓசோனை நினைவூட்டுகின்றன. அதில் ஓர் ஓர ஆக்சிஜனை எடுத்துவிட்டு மெத்திலீனைச் செருகியது போல. மின்னூட்டம் ஒரு முனையில் நேர்மின்னாகவும் மறுமுனையில் எதிர்மின்னாகவும் பகுந்திருக்கும் அமைப்பு இது. கந்தக டையாக்சைடை அது முன்பு மதிப்பிட்டதைவிட வெகு விரைவாகத் தாக்குவதற்கும் இந்த அமைப்பு பொருந்துகிறது. கந்தக டையாக்சைடிலிருந்து கந்தக அமிலமும், அதிலிருந்து காற்றில் மிதக்கும் நுண்துகளும் உருவாகும்.

வடிவத்தின் சிறு மாற்றம்கூட விளைவைத் திருப்பிப்போடும் என்பதற்கு அடுத்த பெரிய கிரீகே சாட்சி. அதில் ஒரு ஹைட்ரஜன் இடத்தில் மெத்தில் தொகுதி இருக்கும். மெத்தில், ஓர ஆக்சிஜனின் பக்கம் இருந்தால் ஒரு வடிவம். எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னொன்று. எதிர்ப்பக்க வடிவம் நீராவியோடு விரைந்து வினைபுரிகிறது. மற்றது கண்டுகொள்வதே இல்லை. ஈரப்பதம் மிகுந்த காற்றில் யார் மிஞ்சுவார்கள் என்பதை இந்த ஒரு திருப்பம் தீர்மானிக்கிறது. ஆகவே காற்று மாசு மாதிரிகளில் 'கிரீகே' என்று ஒரே எண்ணைப் போட்டுவிட முடியாது.

ஒரியனுக்குத் திரும்பினால்

மெத்தில் நேர்மின் அயனி தட்டையானது. மூன்று ஹைட்ரஜன்களும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில். இவ்வளவு சமச்சீர் இருப்பதால் அதற்கு இருமுனைத் திருப்புத்திறன், அதாவது ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்ற பகுப்பு, இல்லை. அது இல்லாத மூலக்கூறு சுழலும்போது வானொலி அலையை வீசாது. விண்வெளி மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவை வானொலித் தொலைநோக்கிகள்; அவற்றுக்கு இது ஊமை. எதிர்பார்த்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும் சிக்காததற்குக் காரணம் அதன் வடிவமே. அது அதிரும்போது மட்டும் அகச்சிவப்பில் ஒளிரும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கருவி பார்த்தது அதைத்தான், 7 மைக்ரான் அருகே.

அந்தக் கோடுகள் யாருடையவை என்பதற்கு இரண்டு தடயங்கள். இடைவெளி அகலமாக இருந்தது. ஆகவே சுழல்வது இலேசான மூலக்கூறு. இன்னொன்று, கோடுகளின் பலத்தில் இரண்டு, ஒன்று, ஒன்று என்று திரும்பத் திரும்ப வரும் தாளம். ஒரே மாதிரியான மூன்று ஹைட்ரஜன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் வேறுபாடு தெரியாதபோது, மத்துச் சுழற்சியின் படிகளில் மூன்றின் மடங்கானவற்றுக்கு மட்டும் இருமடங்கு எடை கிடைக்கும் என்பது குவாண்டம் விதி. இரண்டு ஹைட்ரஜன்கள் இருந்தால் இந்தத் தாளம் வராது. நான்கு இருந்தாலும் வராது.

மேலும் ஒரு சரிபார்ப்பும் உண்டு. இதே அயனியின் வேறொரு அதிர்வை, 3 மைக்ரான் அருகே, தகேஷி ஓகாவின் குழு 1985-இல் சிகாகோவில் அளந்திருந்தது. ஓகா அதற்கு முன் ஒட்டாவாவில் ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வகத்தில் இருந்தவர். 3 மைக்ரான் கோடும் 7 மைக்ரான் கோடும் வெவ்வேறு மேல்நிலைகளுக்குப் போகின்றன. ஆனால் இரண்டுக்கும் அடிப்படி ஒன்றே. சிகாகோவில் ஒரு மின்னிறக்கக் குழாயில் அளந்த அடிப்படிகளின் இடைவெளிகள், ஒரியனிலிருந்து வந்த ஒளியிலும் இம்மி பிசகாமல் தெரிய வேண்டும். பிசகினால் அது மெத்தில் அயனி இல்லை.